ஒரே கூடைப் பழம்

பெலேம் துறைமுகத்தில் மழை விடவில்லை.
விடியுமுன் அரைத்த அசாயி,
பாதி எனக்கு, பாதி எதிர்க்கடைக்கு.

என்னிடம் சுரைக்குடுக்கையில்:
மண் ருசி, பொரித்த மீன்,
ஒரு பிடி மரவள்ளி மாவு.
மூட்டை இறக்கிய ஜுரந்திர்
நின்றபடியே வழித்துத் தின்கிறான்.

எதிரே கண்ணாடிக் கிண்ணத்தில்
உறைந்த கூழ், தேன், வாழைப்பழம், வறுத்த ஓட்ஸ்.
சுவரில் பச்சையாய் ‘ஆரோக்கியம்’.
எலோயிசா கைபேசியில் கலோரி கூட்டுகிறாள்:
எழுநூற்றுப் பத்து.
மறுபடியும் கூட்டுகிறாள்.
தேனை ஓரம் தள்ளுகிறாள்,
அது திரும்பி வழிகிறது.

ஜுரந்திருக்குச் சர்க்கரை எவ்வளவு?
யாரும் பார்த்ததில்லை.
அவன் முதுகுவலிக்கு
எந்தக் கிண்ணத்திலும் ஒன்றுமில்லை.

மின்னல் வெட்ட, இருவரும் அண்ணாந்தார்கள்.
வாய் திறந்திருந்தது.
பல்லெல்லாம் ஊதா.