பூண்டு நசுக்கியில் ஓர் இலைக்காம்பு

லெமிங்டனில் விடிவதற்கு முன்பே விடிந்துவிடுகிறது.
கண்ணாடிக் கூடங்களின் விளக்கொளி
ஈரி ஏரி வரைக்கும் ரோஜா நிறம் பூசி வைத்திருக்க
கடற்காகங்களுக்கு எப்போது கத்துவதென்றே தெரியவில்லை.

ஐந்தரை மணி. நாற்பத்திரண்டாம் வரிசை.
உச்சியிலிருந்து ஐந்தாவது இலை,
செடிக்கு ஒன்று, இருபது செடிகள்.
இலையை உருவி எறிந்து காம்பை மட்டும்
பூண்டு நசுக்கியில் இட்டு அழுத்துகிறேன்.
(பாத்திரக் கடையில் பதினோரு டாலர்.
ஆய்வுக்கூடக் கம்பெனி விற்பது நூற்று அறுபது.)
இரண்டு சொட்டுப் பச்சைச் சாறு.
மீட்டரின் கண்ணில் விட்டதும்
எண்கள் கொஞ்சம் தடுமாறி நிற்கின்றன:
இரண்டாயிரத்து நூறு.
போன வாரம் நாலாயிரத்தைத் தொட்டது.

பொட்டாசியத்திடம் எனக்குப் பிடித்தது இதுதான்:
அது எதுவாகவும் ஆவதில்லை.
நைட்ரஜன் புரதமாகிவிடும்.
மெக்னீசியம் பச்சையத்தின் நடுவில் நாற்காலி போட்டு அமரும்.
கால்சியம் சுவரில் பதிந்தால் பதிந்ததுதான்.
இது மட்டும்
எந்த வீட்டிலும் பெயர்ப்பலகை மாட்டாமல்
நீரில் கரைந்த உப்பாகவே சுற்றும்.
வேரிலிருந்து நைட்ரேட்டுக்குத் துணையாக ஏறும்,
இலையில் அதை இறக்கிவிட்டு
வேறொரு துணையோடு கீழே வரும்,
மறுபடி ஏறும்.
காலையில் இலைத்துளையின் இரு உதடுகளுக்குள் புகுந்தால்
பின்னாலேயே தண்ணீர் புகும், உதடு வீங்கும், வாய் திறக்கும்.
வெளியேறினால் மூடும்.
இலை சமைத்த சர்க்கரை
காய்க்குப் போகும் குழாயில் ஏறுவதற்கும்
இது ஒரு கை கொடுக்க வேண்டும்.

தட்டுப்பாடு வந்தால் செடி கூச்சப்படுவதில்லை.
கீழ் இலையைக் கேட்கும்.
கீழ் இலை கொடுக்கும்.
முதலில் ஓரம் மஞ்சள், பிறகு ஓரம் கருகல்,
அப்பளத்தைத் தணலில் சற்று அதிகம் காட்டியதுபோல.
நடு நரம்பு மட்டும் கடைசிவரை பச்சை.

கொத்துக்கு ஐந்து காய் போதும் என்றேன்.
கிளாஸன் ஏழு விடச் சொன்னார்.
ஏழும் உறிஞ்சுகின்றன.
தோளில் மஞ்சளோடு, சிவக்க மனமில்லாமல்
தொங்குகிறது ஒன்று.
"உரத்தைக் கூட்டு" என்கிறார் தொலைபேசியில்.
கூட்டலாம். சஸ்காட்செவனில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
பழங்கடல் ஒன்று வற்றி விட்டுப்போன உப்பு
மூட்டை மூட்டையாய்க் கிடங்கில் இருக்கிறது.
ஆனால் மிஞ்சினால் வேரின் வாசலில்
கால்சியத்தை முழங்கையால் இடித்துத் தள்ளும்,
அடுத்த மாதம் காயின் அடி கறுக்கும்.
அதையும் சொன்னேன். லைன் சரியில்லை என்றார்.

எவுசேபியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.
கீழ் இலைகளைக் களைவது அவன் வேலை.
ஓஹாகாவிலிருந்து எட்டு மாத அனுமதி, ஒன்பதாவது முறை,
வெள்ளிக்கிழமை விமானம்.
கருகிய இலை ஒன்றை ஒடித்து
வண்டியில் போடப்போனவன் நின்று
"இதைப் பிழிந்தால்?" என்கிறான்.

நான் பிழிந்ததில்லை. கணக்கில் வராத இலை அது.
அவனே அழுத்துகிறான். காம்பு நாராகிக் கிடக்கிறது.
சொட்டுகூட இல்லை,
அரைச் சொட்டு.
அறுநூற்று எண்பது.

"இன்னும் வைத்திருக்கிறதே!"
"இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தது" என்றேன்.

அடுத்த செடியின் கீழ் இலையைத்
தொட்டான், விட்டான்.

என் பையில் கைபேசி அதிர்கிறது, கிளாஸனாக இருக்கும்.
கத்தரியை எடுத்து
கொத்துக்கு இரண்டாகக் கடைசிக் காய்களை
வெட்டத் தொடங்குகிறேன்.
எவுசேபியோ வாளியைப் பிடித்துக்கொண்டு
விழ விழ எண்ணுகிறான்,
தன் மொழியில்,
ஒன்றைக்கூட விடாமல்.