மூடுபனிக் கோட்டுக்கு மேலே

விளம்பரத்தில் இருந்தது:
மூன்றரை அறை, பாதாள அறை உண்டு,
மூடுபனிக் கோட்டுக்கு மேலே.

அந்தக் கடைசி வரிக்கு மட்டும்
மாதம் இருநூற்று நாற்பது பிராங்க் கூடுதல்.

வேலூரில் வீடு பார்த்தபோது
மேற்கு வெயில் எந்த அறையில் விழும் என்றுதான் முதலில் கேட்டேன்.
மாலை ஐந்து மணிக்குத் தரகர் சுவரைத் தொட்டுக் காட்டினார்.
"குளுகுளுன்னு இருக்கு பாருங்க மேடம்."
நானும் தொட்டேன்.
தோசைக்கல் அதைவிடப் பொறுமையானது.

ஓல்டனில்
அதே கேள்வியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலைகிறோம்:
தெற்கு எது, வெயில் எத்தனை மணி வரை,
டிசம்பரில் எதிர்மலை சூரியனை எப்போது விழுங்கும்.
மதிவாணன் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்துவைத்து
காலி அறைகளின் நடுவே நின்ற இடத்திலேயே சுற்றுகிறான்,
சன்னதி முன்னால்
தன்னைத்தானே சுற்றிக்கொள்வார்களே, அப்படி.

முதலில் ஆற்றங்கரை வீடு.
ஸ்டேஷனுக்கு ஆறு நிமிடம், என் மருத்துவமனைக்குப் பதினைந்து.
பால்கனிக்குக் கீழே ஆரே நதி
பச்சையாய், யாருக்கோ பதில் சொல்லப் போகிற அவசரத்தில்.
படுக்கையறை மூலையில் மட்டும்
ஒரு முழம் புது வெள்ளை.
மற்ற சுவரெல்லாம் பழைய வெள்ளை.
குனிந்து அந்த ஒரு முழத்தை மோந்து பார்த்தேன்.
வீடு காட்ட வந்த பெண் கால் மாற்றி நின்றாள்.
"தினம் மூன்று முறை, பத்து பத்து நிமிடம்,
எல்லா ஜன்னலையும் அகலத் திறக்க வேண்டும்."
வெளியே தண்ணீர் உறைகிற நாளிலுமா?
"அன்றைக்குத்தான் முக்கியமாக."

ட்ரிம்பாக்கில் ஒன்று.
சலவை அறை நமக்கு
ஒன்றுவிட்ட வியாழன், காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை.
சாவி வாங்கக் கையெழுத்து, திருப்பிக் கொடுக்கக் கையெழுத்து.
ஒரு வேட்டிக்கு இவ்வளவு ஆவணமா என்றான் மதிவாணன்.
அவனிடம் இருப்பதே ஒரு வேட்டிதான்.

அப்புறம் ஹவென்ஸ்டைன்.
பேருந்து வளைந்து வளைந்து ஏறியது.
ஏதோ ஒரு வளைவில், மணி அடித்தாற்போல்,
ஜன்னலெல்லாம் மஞ்சள்.
பேருந்தே கண்ணைச் சுருக்கியது.
முன் இருக்கைக்காரர் பார்க்காமலே பையில் கைவிட்டு
கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் வூத்ரிக் கதவைத் திறந்தார்.
தெற்கு அறையில் வெயில்
எங்களுக்கு முன்பே குடிவந்திருந்தது.
திசைகாட்டி தேவைப்படவில்லை.
ஜன்னலுக்குக் கீழே வெள்ளை, ஒரே வெள்ளை.
அதற்குள்ளேதான் ஓல்டன்:
தண்டவாளங்கள், என் இரவு வார்டு, அந்த ஒரு முழம் சுண்ணாம்பு.
கீழே இருக்கிறவர்களை நினைத்துப் பாவப்பட்டோம்.
அன்றிரவு நாங்கள் தூங்கியதும் கீழேதான்.

கணக்கு உதைத்தது.
கடைசிப் பேருந்துக்கு அப்புறம்தான் என் ஷிப்ட் முடிகிறது.
ஒரு பழைய கார், அதற்குப் பனிக்கால டயர்,
அப்புறம் அந்த இருநூற்று நாற்பது.
வெயிலுக்கு வாடகை கொடுக்கிறோம் என்று
வேலூரில் யாரிடமும் சொல்லவில்லை.
காட்பாடி மாப்பிள்ளையின் மூளை குளிரில் கெட்டுப்போயிற்று என்பார்கள்.

ஜனவரி.
பதினோரு நாளாக ஜன்னலில் சாம்பல்.
மூடுபனி மலையேறி வந்துவிட்டது,
அதற்கு விளம்பரம் படிக்கத் தெரியாது.

வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்த வூத்ரிக்
என் முகத்தைப் பார்க்காமல்
சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்துச் சொன்னார்:
"வழக்கமாக இப்படி இருக்காது.
இந்த வருஷம்தான் இப்படி."

எனக்குத் தெரிந்த வாக்கியம்.
மே மாதம் நுங்கு சீவுகிறவர் சொல்வார்,
ரேஷன் வரிசையில் சொல்வார்கள்,
கரண்ட் போன இருட்டில் எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் சொல்லும்.
மாற்றலாகி வந்த வங்கிக்காரர் குடும்பத்திடம்
நானே சொல்லியிருக்கிறேன், வருஷா வருஷம்,
என்னவோ நான்தான் அடுப்பை அணைக்க மறந்தவள் போல.

"ஆமாமா" என்றேன், தமிழிலேயே.
அவருக்குப் புரிந்துவிட்டது.

மாடிக்குப் போய்
பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவைத்தேன்.
மூடுபனி உள்ளே வந்தது,
வீடு பார்க்க வந்தவர்களைப் போல்
நேரே தெற்கு அறைக்குப் போனது.