நூறு மில்லிலீற்றர் நீலம்

செங்கலடிச் சந்தியில் ஓட்டோ மெதுவானதும்
வரிசை எழுந்து நின்றது.
என் மடியில் குறுக்கே கிடந்த சிலிண்டரைக் கண்டு
"கேஸ் வந்திட்டா? எங்ககா எடுத்த?" என்று
டோக்கனைச் சீலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒருத்தி
வண்டியோடு கொஞ்சத் தூரம் ஓடி வந்தாள்.
இது எரியாது, மாமி.
எதனோடும் சேராது. சோறு வடிக்காது.
ஆகன்.
அவள் நம்பவில்லை.
அந்த மாதத்தில், அந்த வெயிலில்,
எரியாத ஒன்றைக் கொழும்பு ரயிலிலிருந்து இறக்கிப் போவதற்கு
என்னிடமும் நல்ல பதில் இல்லை.

வந்தாறுமூலையில் ஆய்வுகூடச் சுவர்கள் வியர்த்திருந்தன.
வாவி ஈரம் ஜன்னல் பூட்டுக்கு அடங்காது.
இரண்டு தடவை என்னைத் தோற்கடித்தது அதுதான்.
முதலில் குடுவை நிறையக் கஞ்சித்தண்ணி.
பிறகு கடுகரைத்த மஞ்சள்.
ஒஸ்லோவில் நின்ற பேராசிரியர்
ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்: "கசிவு."

மூன்றாம் தடவை
சமாரியக் கட்டியை எண்ணெயில் இருந்து எடுத்து
அரத்தால் ராவினோம், மஃறூப் நானாவும் நானும்.
வெள்ளியாய் உதிர்ந்த தூள்
தராசில் ஏறுமுன்பே மங்கத் தொடங்கியது.
ஒன்று தசம் எட்டுக் கிராம்.
அயடீன் இரண்டரைக்குச் சற்று மேல்:
கரிய பளிங்குகள், மூடி திறந்தால் ஊதா மூச்சு,
பெரியாஸ்பத்திரி காயம் கட்டும் அறையின் வாசம்.
குடுவையைச் சுட்டு, காற்றை உறிஞ்சி, ஆகனை விட்டு,
மறுபடி உறிஞ்சி, மறுபடி விட்டு,
சோடியத்தோடு கொதித்துத் தண்ணீரை மறந்த கரைப்பானை
ஊசியால் ஏற்றி,
காந்தக் கலக்கி சுற்றத் தொடங்கிய ஏழாம் நிமிடம்
கரண்ட் போனது.

நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டையை இன்னும் வாயில் உருட்டியபடி
"தாங்க இஞ்ச" என்று குடுவையைக் கழற்றினார் நானா.
அவர் அரை மணி, நான் அரை மணி.
கல் அரிக்கும் அரிசியைப்போல் சுழற்றினோம்.
உலோகத் தூள் கண்ணாடியில் சரசரத்தது.
அடுப்பில்லாமலே சூடு வந்ததை
உள்ளங்கை முதலில் அறிந்தது.
கைப்பேசி வெளிச்சத்தில்
கபிலம் மஞ்சளாகியது.
போன இரண்டு தடவையும் இங்கேதான் நின்றது:
மூன்று அயடீனைப் பிடித்துக்கொண்ட சமாரியம்,
கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லாத உப்பு.
எனக்கு வேண்டியது இரண்டு பிடித்தது.
கையில் ஓர் இலத்திரனை மிச்சம் வைத்துக்கொண்டு
யாராவது கேட்கமாட்டார்களா என்று நிற்பது.
அதற்காகத்தான் உலோகத்தைக் கூடப் போட்டோம்.

பச்சை.
குளத்துப் பாசிப் பச்சை.
பிறகு கறுப்பு.

கறுப்பென்று எந்தக் குறிப்பிலும் இல்லை.
"போச்சுதுபோல" என்ற நானா
ஸஹருக்கு எழும்ப வேணும் என்று
ஏறாவூருக்குச் சைக்கிளை மிதித்தார்.
ஆகன் பலூன் சுருங்குவதைப் பார்த்தபடி
மேசையில் தலை சாய்த்தேன்.

விடிய, கொட்டத்தான் குடுவையைச் சரித்தேன்.
கழுத்தடியில் படலமாய் மெலிந்து வழிந்த இடத்தில்
நீலம்.
வெள்ளைச் சட்டைப் பையில் பேனை உடைந்த நீலம்.
இரவு முழுதும் அது இருந்திருக்கிறது,
என் வெளிச்சம்தான் போதவில்லை.

ஊசி நுனியில் இருந்து ஒரு துளி
வெள்ளைத் தட்டோட்டில் விழுந்தது.
நானாவைக் கூப்பிட வாய் திறந்தேன்,
அவர் இல்லை என்பது நினைவுக்கு வருமுன்
துளி மஞ்சளாகிவிட்டது.
நாம் மூச்சு விடுகிற இடத்தில்
அந்த நீலம் இல்லை.

பேராசிரியர் படம் கேட்டார்.
படத்தில் கறுப்பு.

பகல் முழுதும் அதைத் துளித்துளியாய்க்
கீற்றோனுக்குள் விட்டேன்.
விழுந்த ஒவ்வொன்றும்
இருந்ததைக் கொடுத்துவிட்டு வெளிறியது.
நாலு மணிக்கு ஒரு துளி வெளிறாமல் நின்றது.
வாங்க ஆளில்லை.
முடிந்தது.

வெறுஞ் சிலிண்டரோடு திரும்புகையில்
வரிசை பத்தடி நகர்ந்திருந்தது. அவள் அதிலேயே.
"முடிச்சிட்டியா? என்னகா சமைச்ச?"
கேட்டவள் என் விரல்களைப் பார்த்தாள்,
நகக்கண் வரை ஏறிய அயடீன் கறையை.
பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி
"மஞ்சளும் கிடைச்சிருக்கு இவளுக்கு" என்றாள்.