நிபந்தனை ஒன்பது

மாங்குளம் சந்தியில் ஓட்டோ பதினொன்று.
சபை ஒதுக்கிய தரிப்பிடம் எட்டு.
மஞ்சள் கோடு போட வந்த பெடியன்
பெயின்ற் முடிஞ்சுது அக்கா என்று
எட்டாவது கோட்டைப் பாதியில் விட்டுப் போனான்.
அந்தப் பாதிக்குள் நிற்பது என்னுடையது.

புதன்கிழமை கூட்டம்.
இரண்டு மின்விசிறி, சுற்றியது ஒன்று.
செயலாளர் நல்ல மனுசன்.
முதலில் தேத்தண்ணி தந்தார்,
பிறகு பதினான்கு நிபந்தனை.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினோம்.
தலையாட்ட மட்டும்தான் கட்டணம் இல்லை.

மீற்றர் பூட்ட வேணும், பற்றுச்சீட்டுக் கொடுக்க வேணும்.
பூட்டுவோம், கொடுப்போம்.
ஆனால் ஐயா,
ஒலுமடுவில் ஆளை இறக்கிவிட்டு
வெறும் சீற்றோடு திரும்புகிற தூரத்தை
அது எண்ணுமோ?
யானை கடந்து முடியுமட்டும்
எஞ்சினையும் மூச்சையும் நிறுத்தி வைத்திருந்த
இருபது நிமிசத்துக்குக் காத்திருப்புக் காசை
ஆரிட்டை வாங்கிறது, யானையிட்டையோ?
குலசிங்கம் கேட்டான்.
செயலாளரும் சிரித்தார்.
கூட்ட அறிக்கையில் யானையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

படிவத்தில்
'தொடர்ச்சியாக வசித்த இடம்' என்று ஒரு வரி.
மரியதாசன் எழுதத் தொடங்கினார்.
வரி முடிந்தது, ஊர்கள் முடியவில்லை.
எழுத்து ஓரத்தால் இறங்கித்
தாளின் மறுபக்கம் போனது.
லிகிதர் பிள்ளை வாங்கிக் கனநேரம் பார்த்தாள்.
புதுப் படிவம் ஒன்று எடுத்து
'மாங்குளம் எண்டு மட்டும் போடுங்கோ அண்ணை' என்றாள்,
மற்றதை எறியாமல் மடித்து
லாச்சிக்குள் வைத்தாள்.

சீருடைச் சட்டைக்கு அளவுப் பட்டியல் ஒட்டியிருந்தது.
பெண் அளவு இல்லை.
நான் கேட்கவில்லை.
லீசிங்காரன் பதினேழாம் திகதி வருவான்,
அவன் எந்த அளவுச் சட்டை என்றும் பார்ப்பதில்லை.

ஒன்பதாவதை வாசிக்கும்போது
செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
சபை எல்லைக்கு வெளியே ஆள் ஏற்றினால்
அனுமதிப்பத்திரம் இரத்து.

எல்லை ஒரு மதகு.
இந்தப் பக்கம் 'நல்வரவு', அந்தப் பக்கம் 'நன்றி'.
மதகுக்கு அங்கால் இருப்பவர்களுக்கும்
வயிறு வலித்தால்
ஆசுப்பத்திரி இங்கால்தான்.

வெள்ளி இரவு இரண்டே காலுக்கு ஃபோன்.
அமிர்தகலா அக்காவோ?
மருமகளுக்குக் குத்துத் தொடங்கியிட்டுது,
மகன் கட்டாரில்,
ஆம்பிளையளின்ரை ஓட்டோவில ஏறமாட்டன் எண்டு நிக்கிறாள்.

'நன்றி'யைத் தாண்டினேன்.
கிரவல் வீதி, மழை தோண்டிய பள்ளம்.
மெதுவாய்ப் போனால் நேரம் போகும்,
வேகமாய்ப் போனால் பிள்ளை வரும்.
பின்னால் இருந்தவள்
இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அம்மாவைக் கூப்பிட்டாள், கடவுளைக் கூப்பிட்டாள்,
கடைசியில் கட்டாரில் இருப்பவனைத் தூசணத்தால் கூப்பிட்டாள்.
மாமியார் அதற்கும் 'ஓம் பிள்ளை' என்றா.

பழக்கத்தில்தான் மீற்றரைத் தட்டியிருக்கிறேன்.
ஆசுப்பத்திரி வாசலில் அது தானாகவே
நாக்கை நீட்டியது:
ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் 03.06.
நிபந்தனை இரண்டின்படி
நிபந்தனை ஒன்பதுக்கு எதிரான சாட்சி,
என் கையாலேயே.
மாமியார் காசைத் தந்து
சீட்டை வாங்கி
சட்டைக்குள் செருகினா.
பிறப்புப் பதிவு எழுதும்வரை
அந்தப் பெட்டைப் பிள்ளை வந்ததற்கு
இருக்கிற கடதாசி அதுதான்.

திங்கள், அனுமதிக் கட்டணம் கட்டப் போனேன்.
லிகிதர் பிள்ளை முத்திரை குத்தினாள், ஊதிக் காயவைத்தாள்.
நிபந்தனைகள் எல்லாம் விளங்கினதுதானே அக்கா?
விளங்கினது.
வேறை ஏதும் முறைப்பாடு?

அந்த எட்டாவது கோட்டை
ஒருக்கா முடிச்சு விடுங்கோ என்றேன்.