காரணம் எழுத மூன்று வரி

படிவத்தில் காரணத்துக்கு மூன்று வரி விட்டிருந்தார்கள்.
மனிதநேயம் என்று எழுதினேன்.
சகோதரத்துவம் எழுத இடம் போதவில்லை,
கடைசி 'வம்' ஓரத்தில் சரிந்து இறங்கிவிட்டது.
"விடு, யாரும் படிக்கப்போறதில்லை" என்றார் ராவுத்தர்.
சாக்கு வியாபாரி. என்னை முன்மொழிபவர்.

லாட்ஜில் சேரப்போகிறேன் என்றதும் வசுமதி
"எந்த லாட்ஜு? யாரோட?" என்றாள்.

ஒலவக்கோட்டில் ரயில்வே காலனிக்குப் பின்னால்
ஜன்னல் திறக்காத மஞ்சள் கட்டிடம்.
தலைவெட்டிக் கோயில் என்று ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும்.
உள்ளே ஒரு பல் டாக்டர், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர்,
மரமில் முதலாளி, ஒரு பாங்க் மேனேஜர்.
அத்தனை பேரும் ஒரே தரையில் நிற்பார்களாம்.
ரசமட்டம் அவர்கள் சின்னங்களில் ஒன்று.
வாளையாரில் எடைமேடை வைத்திருப்பவனுக்கு
அது பிடிக்காமல் போகுமா?
மட்டம் தப்பினால் மேடை பொய் சொல்லும்.

கறுப்புக் கோட்டு தைத்துக்கொள்ளலாம் என்பதும் உண்டு,
மறைக்கவில்லை.
லோன் கேட்டு நின்ற மேஜைக்கு அந்தப்பக்கத்து ஆள்
என்னைப் பிரதர் என்பார். அதுவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள்.
கடவுள் நம்பிக்கை?
உண்டு.
கடன்?
ஆறு தவணை பாக்கி.
வீட்டில் சம்மதமா?
அடுக்களையில் குக்கர் விசிலடித்தது, சிரித்தார்கள்.
உங்கள் மேல் கேஸ் ஏதாவது?
இல்லை என்றேன்.
இல்லை.
அதுதான்.

அந்தக் குக்கர்
ஐந்நூறோடு கையிலிருந்த இருநூறும் போட்டு வாங்கியது.
சங்ககிரி வண்டி, கிரானைட்.
இருபத்தொன்று காட்டியது.
"பதினாறு போட்டுக்குங்கண்ணா, விடியறதுக்குள்ள
திருச்சூர் சேரோணும்" என்றான் செங்கோடன்,
பீடிக்கட்டுக்கு அடியில் நோட்டை மடித்து.
போட்டுக்கொடுத்தேன்.
கிளீனர் பையன் தண்ணீர் கேட்டான், குடத்தைக் காட்டினேன்.
குடித்தவன் டம்ளரைக் கழுவிக்
கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

குதிரான் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.
பேப்பரில் செங்கோடன் (41) என்றும்
கிளீனர் என்றும் வந்தது.
அடைப்புக்குறி ஒருவனுக்குத்தான்.

சீட்டு வண்டியோடு எரிந்துபோனது.
போலீஸ் வந்து மலையாளத்தில் கேட்டது,
தமிழில் சொன்னேன்.
பதினாறு இரண்டு பாஷையிலும் பதினாறுதான்.
பழைய வண்டி, பிரேக்தான் காரணம் என்று
எழுதிக்கொண்டு போனார்கள்.
அவர்களுக்கு ஒரே வரி போதுமாயிருந்தது.

உள்ளே போகும்போது கண்ணைக் கட்டுவார்கள் என்றார் ராவுத்தர்.
உடம்பில் உலோகம் கூடாது. மோதிரம், வெள்ளி அரைஞாண்,
கல்லாச் சாவி, சில்லறை, எல்லாம் வெளியே.
அப்புறம் ஒரு ரகசியம் தருவார்கள்,
சாகிறவரை காக்க வேண்டும்.

தருவது சரி.
வாங்கிக்கொள்வார்களா?
கேட்க வாயெடுத்தேன்,
ராவுத்தர் சாக்கு எண்ணத் தொடங்கிவிட்டார்.

அதற்கு முன்னால் ஓட்டு இருக்கிறது.
ஒரு பெட்டி. வெள்ளைக் குண்டுகள், கறுப்புக் குண்டுகள்.
கை நுழைவது தெரியும், எதை விட்டதென்று தெரியாது.
ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு.
பத்தொன்பது பேர்.
முன்பின் தெரியாத பத்தொன்பது பேர்
கோட்டு மாட்டி, கதவைச் சாத்தி,
என்னை நிறுத்துப் பார்க்கப்போகிறார்கள்.
இத்தனை வருஷத்தில்
நிறுத்தியும் பார்த்ததில்லை யாரும்.

கறுப்பு விழுந்தால் வருத்தப்படுவேனா
என்று கேட்டாள் வசுமதி.
கோட்டுக்கு அளவு கொடுத்தாச்சே என்றேன்.

இன்று சனிக்கிழமை. மணி ஒன்பதரை.
வண்டி இல்லாத மேடையில் ஏறி நின்றேன்.
அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
அறுபது என்றது. மூச்சை இழுத்தேன், எழுபது.
திரும்ப அறுபது.
நடுவில் இருக்கிற கிலோக்கள் அதற்குத் தெரியாது.

அறைக்குள் போன் அடிக்கிறது.
எதிரே மதுக்கரை சிமெண்ட் வண்டி
இரண்டு விளக்கையும் என் முகத்தில் போட்டு
ஹாரன் அடிக்கிறான்:
"மேடையை விட்டு எறங்குங்கண்ணா,
எடை போடோணும்."