ஆறில் தொடங்கும் கணக்கு

ரவை டப்பாவில் சாய்த்து வைத்தால்
செல்போனுக்குள் முழுதாக நிற்கிறேன்.
அதற்குக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சேர்க்க வேண்டும்,
மகனைப் பல் தேய்க்க வெளியே அனுப்ப வேண்டும்.
ஆண்டாப் ஹில், மூன்றாவது மாடி,
பத்துக்குப் பத்து.

பரேல் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள்.
மூன்று வீட்டுச் சமையல் யார் பார்ப்பது?
போகவில்லை.
போகாதவர்களுக்கென்று
இந்தச் சன்னலைத் திறந்தார்கள்.

காலை ஆறரை.
விலே பார்லே வங்கிக்காரர் வருகிறார்,
பின்னால் ஓடும் எந்திரம், அதன்மேல் காயும் துண்டு.
சிவ்ரியில் கிரேன் ஓட்டிய காவ்டே.
பால்கர் மீன்காரி ஹிராபாய்:
நெற்றியும் மின்விசிறியும் மட்டும்.
ஒருவர் நெஞ்சை ஒருவர் பார்த்ததில்லை.
ஒரே தையல்தான் எல்லாருக்கும்.

மிருணாள், என் மகளைவிடச் சின்னவள்,
இந்தியில் கேட்பாள்:
சிரமம் எவ்வளவு?
ஆறிலிருந்து இருபதுக்குள் சொல்லுங்கள்.
ஆறு, சும்மா உட்கார்ந்திருப்பது.
இருபது, இனி முடியாது.

ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று
கேட்டு வளர்ந்த காது.
முதல் நாள் எண்ணே வரவில்லை.
ஐம்பத்திரண்டு வருடம்
யாரும் கேட்காத கேள்வி,
வாய்க்கு எப்படிப் பழகும்?

அப்புறம் மாட்டுங்காவில் பாத்திரம் கழுவுகையில்
தானாக வந்தன எண்கள்.
குழாய் வராத நாள், இரண்டு குடம், மூன்று மாடி: பதினாறு.
நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிக்கொண்டு
இரண்டு நாள் சப்பாத்தி தேய்த்தது: பத்தொன்பது.
அவரை வாங்கிக்கொள்ளப்
பிணவறையில் கைநாட்டு வைத்தது.
அதற்கு இருபது போதாது.

மிருணாளிடம் சொன்னது, பதினொன்று.
அச்சா, என்றாள்.

ஜூலையில் ஒரு நாள்
பேய்மழையில் திரை உறைந்தது.
வங்கிக்காரர் ஒற்றைக் காலில், கொக்கு.
காவ்டே, திருடனிடம் அகப்பட்டவர் மாதிரி இரு கையும் மேலே.
ஹிராபாயின் மின்விசிறியில்
மூன்று இறக்கையும் தனித்தனியாக.
தீன் என்று சொல்ல வந்த மிருணாளின் வாயில்
தீ மட்டும் நின்றது.

சிரித்தேன். தையல் இழுத்தது.
மற்ற நாளாக இருந்தால் அணைத்துவிட்டுக்
குக்கரை ஏற்றியிருப்பேன்.

நாலு, என்றேன் தமிழில்.
அஞ்சு.
கட்டில் சட்டத்தில் முழங்கை இடித்தது.
ஆறு.

படம் அசைந்தபோது நான் பதினெட்டில்.
காவ்டே மராத்தியில் பன்னிரண்டில்.
வங்கிக்காரர் உட்கார்ந்துவிட்டிருந்தார்.
ஹிராபாய் இன்று தாடை வரை தெரிந்தார்,
எண்ணாமலே கை வீசிக்கொண்டு.

எவ்வளவு? மழைக்கு மேல் கத்தினாள் மிருணாள்.
பதிமூன்று, என்றேன்.
கேட்கவில்லை போலும், மறுபடி கேட்டாள்.
மறுபடி சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாக.

மகன் கதவைத் தட்டினான்.
பல் தேய்த்து, நனைந்து,
வாயில் இன்னும் நுரையோடு.