பதினொரு நொடி

அரசு மின்சாரம் போகும்.
தெருமுனையில் அபூ நிம்ரின் ஜெனரேட்டர்
இருமி, கனைத்து, பிடித்துக்கொள்ளும்.
நடுவே பதினொரு நொடி.
ஸஹ்லே நகரில் இதை யாரும் இருட்டில் சேர்ப்பதில்லை.
மாவு பிசையும் கை அப்படியே நிற்கும்.
சவரக்கத்தி கன்னத்தைவிட்டு ஒரு விரற்கடை விலகும்.
சீட்டாடுபவர் அடுத்தவர் சீட்டைப் பார்க்கமாட்டார்
(பார்க்கவும் செய்வார்).
பிறகு எல்லாம் விட்ட இடத்திலிருந்து.

என் கணினி மட்டும் செத்துவிடும்.

சீட்டுக்கட்டு அளவுகூட இல்லை அது.
மருந்துக்கடைக் குளிர்பெட்டியின் மேல்
ஹல்வா டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை
இன்சுலின் தட்டின் வெப்பத்தைக் குறிப்பது அதன் பிழைப்பு.
சாகும்போது எழுதிய வரி பாதியில் கிடக்கும்.
எழுந்ததும், கடைசியாக நினைவிருந்த மணியையே
இப்போது என்று நம்பும்.
ஒருமுறை அது செவ்வாய்க்கிழமையில் இருந்தது,
வெளியே ஞாயிறு, தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது.
இரண்டாவது நினைவட்டையும் கெட்டபோது
எனக்குப் பொறுக்கவில்லை.

மைத்துனன் வஜ்தியின் திரையுடைந்த மடிக்கணினி.
அதன் பேட்டரியைச் சமையல் கத்தியால் பிளந்தேன்.
(செய்யாதீர்கள். மருந்தாளர் நான்,
எச்சரிக்கை எழுதிப் பழகியவள்.)
உள்ளே ஆறு உருளைகள்.
நாடி பார்ப்பதுபோல் மீட்டர் வைத்தேன்.
பூஜ்யம். பூஜ்யம்.
பூஜ்யத்துக்கு அருகே ஏதோ முனகல். பூஜ்யம்.
மூன்று புள்ளி ஆறு.
மூன்று புள்ளி ஆறு.

இரண்டு போதும்.
மூன்று சொச்சத்தை ஐந்தாக ஏற்றிவிடும் சிறு பலகையை
பெய்ரூத்திலிருந்து டாக்ஸிக்காரர் பிஷாரா கொண்டுவந்தார்,
கூடவே இரண்டு கிலோ பேரிக்காயும்.
இருக்கும்போது நிரம்பு, இல்லாதபோது கொடு,
மாறும்போது மட்டும் மூச்சுவிடாதே:
சாலிடர் புகையில் இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.
முதல்நாள் திரைமூலையில் மஞ்சள் மின்னல் குறி,
மின்னழுத்தம் பற்றவில்லையாம்.
கம்பி மெலிசு. தடித்ததாக மாற்றினேன், அழுகை நின்றது.
பேட்டரி வற்றப்போகும் நேரத்தில்
வரியை முடித்து, ஏட்டை மூடி, பிறகே உறங்கும்படி
நாற்பது வரியில் ஒரு நிரல்.
என் தூக்கத்துக்கு நான் அப்படி ஒன்று எழுதியதில்லை.

ஜூலை இரவு அது. சாகவில்லை.
காலையில் ஏட்டைத் திறந்தேன்.
1:12 போனது. 1:12 வந்தது.
2:40 போனது.
நான்கு டிகிரி. ஐந்து. ஆறரை.
எட்டைத் தாண்டக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.
ஒன்பது. பத்து புள்ளி நான்கு.
5:55 வந்தது.

பழைய ஏடுகளைப் புரட்டினேன்.
எங்கும் நான்கு, நான்கு, நான்கரை.
இரண்டு வருடமாக நான் பெருமைப்பட்ட வரிசை.
குளிர்பெட்டி கண்ணயர்ந்த போதெல்லாம்
சாட்சியும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு அபூ நிம்ரிடம் போனேன்.
டீசல் நாற்றம், காபி நாற்றம்.
இரண்டு நாற்பதிலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து வரை
எங்கே போனது, சந்தா கட்டிய ஆம்பியர்?
மறுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
வரிவரியாகப் படித்தார்.
“எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன், ரகீதா.”
சற்றுப் பொறுத்து,
“என் தங்கை உன்னிடம்தான் ஊசி வாங்குகிறாள்.”

பதில் சொல்லத் தெரியாமல் கடைக்குத் திரும்பினேன்.
தட்டைக் காலிசெய்தேன்.
பதினாறு பேருக்குப் பேச வேண்டும்:
போன வாரம் வாங்கியதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்,
கொண்டுவாருங்கள், புதிது தருகிறேன்,
இல்லை, பணம் வேண்டாம்.
அவர் தங்கையின் பெயர் ஏழாவது.
அவள் எடுப்பதற்குள் அரசு மின்சாரம் போனது.
நான் எண்ணவில்லை.
ஹல்வா டப்பாவின் இடுக்கில் பச்சைப்புள்ளி ஒன்று
கையெடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தது.